புயலுக்கு முன் ஒரு செயின் சா கணக்கு



புரட்டாசி பிறந்துவிட்டால் நம் இதழின் அலுவலகத் தொலைபேசிக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். “செயின் சா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எந்தக் கம்பெனி நல்லா இருக்கும்?” பண்ருட்டியிலிருந்து கேட்பார்கள், வேதாரண்யத்திலிருந்து கேட்பார்கள், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர்கள் கேட்பார்கள். தானே, ஒக்கி, கஜா என்று புயலின் பெயரைச் சொல்லி ஆண்டுகளை நினைவு வைத்திருக்கும் ஊர்கள் இவை. மழைக்காலத்துக்கு முன் மரம் அறுக்கும் மெஷினைப் பற்றி அங்கே யோசிக்காமல் இருக்க முடியாது.

கேள்வி ஒரு வரிதான். பதிலை ஒரு கம்பெனிப் பெயரோடு முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. கேட்பவர் தினக்கூலிக்கு மரம் அறுப்பவராக இருக்கலாம், ஐந்து ஏக்கர் தென்னை வைத்திருப்பவராக இருக்கலாம். முன்னவருக்குப் பொருந்துவது பின்னவருக்கு வீண் செலவு. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை முழுக்க செயின் சாவுக்கே கொடுத்துவிடுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரை ஏறியபோது நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரசு அறிவித்த நிவாரணத்தில் ஒரு தென்னைக்கு 600 ரூபாய் இழப்பீடு, அதை வெட்டி அகற்ற 500 ரூபாய். அகற்றுவதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. விழுந்த தென்னை மட்கத் தொடங்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். அங்கே பெருகிய வண்டு, புயலுக்குத் தப்பி நிற்கிற மரத்தின் குருத்தைக் குடையும். கிடக்கிற மரத்தை அறுத்து அப்புறப்படுத்தினால்தான் நிற்கிற மரம் பிழைக்கும்.

கைரம்பத்தை வைத்துக்கொண்டு அந்த வேலையை முடித்திருக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மெஷின் வேண்டியிருந்தது. கடையில் எது இருந்ததோ அதை வாங்கினார்கள். ரசீது கேட்கவில்லை, கையேடு கேட்கவில்லை, பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும் என்றுகூடப் பலர் கேட்கவில்லை. அந்த நேரத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்தான். அதனால்தான் புயல் சின்னம் எதுவும் உருவாகாத இந்த நாட்களில் நிதானமாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

எந்த மெஷின் நின்று உழைக்கும் என்பதை விற்கிற கடையைவிடப் பழுது பார்க்கிற கடையில் நன்றாகத் தெரிந்துகொள்ளலாம். பட்டுக்கோட்டைப் பக்கம் அப்படி ஒரு பட்டறை. மெக்கானிக் ஒரு சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனைத் துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். சைலன்சர் இருந்த பக்கம் மேலிருந்து கீழாக நெடுங்கீறல்கள். விரலை வைத்து இழுத்தால் நகம் மாட்டுகிறது. மறுபக்கம் வழவழவென்று இருக்கிறது. “இந்தப் பக்கம் கீறினா ஆயில் பத்தல, இல்லன்னா காத்து அதிகமா இழுத்துச் சூடேறியிருக்கு. கார்புரேட்டர் பக்கம் கீறினா ஃபில்டரைத் தாண்டி தூசி போயிருக்கு. எதனால போச்சுன்னு பிஸ்டனே சொல்லிடும் சார்” என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு பிஸ்டனை எடுத்தார். ஒரு சவுக்கு அறுப்புக் குழு ஆண்டுக்கணக்கில் ஓட்டிய மெஷினுடையது. பிஸ்டனின் பக்கவாட்டில் தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த மெல்லிய கோடுகள் இன்னும் அழியாமல் இருந்தன.

இரண்டில் எது எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை. முதலாவதும் ஊர் பேர் தெரியாத மெஷின் இல்லை. நல்ல மெஷினையும் ஒரே வாரத்தில் கொன்றுவிடலாம். சுமாரான மெஷினையும் சில ஆண்டுகள் ஓட்டிவிடலாம். உள்ளே இருக்கும் உலோகம், ஓட்டுகிறவரின் பழக்கம், உதிரிபாகம் கிடைக்கும் தூரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு மெஷினை நம்பலாமா என்று தெரியும்.

முதலில் உலோகத்தைப் பார்ப்போம். கடைக்காரர் எடுத்த எடுப்பில் சிசி கணக்கைச் சொல்வார். “இது 58 சிசி அண்ணே, அது வெறும் 45” என்பார். சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு மட்டும். அதிலிருந்து எவ்வளவு சக்தி வெளியே வருகிறது என்பது வேறு கணக்கு. ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 382, எம்எஸ் 462 இரண்டுமே 72.2 சிசிதான். முதலாவது 3.9 கிலோவாட் தருகிறது, இரண்டாவது 4.4 தருகிறது. அதோடு இரண்டாவது 200 கிராம் எடை குறைவு. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற வழி, எரிந்த புகை வெளியே வருகிற வழி, இவற்றின் வடிவமைப்பில்தான் அந்த வித்தியாசம். ஆகவே கிலோவாட் எவ்வளவு, எடை எவ்வளவு என்று கேளுங்கள். விலை மலிவான மெஷின்கள் பலவற்றில் 58 என்று ஸ்டிக்கர் இருக்கும். சிலிண்டரை அளந்து பார்த்தால் 54 அல்லது 52தான் வரும்.

அடுத்து, ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டு மெஷின்களைப் பாருங்கள். ஸ்டில் எம்எஸ் 250: 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. எம்எஸ் 261: 50.2 சிசி, 3 கிலோவாட், 4.9 கிலோ. அளவில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விலையைக் கேட்டால் தூக்கிவாரிப் போடும். “இதுக்கு எதுக்கு இவ்வளவு கூட?” என்று கேட்பது நியாயம்தான். முன்னது பண்ணை வேலைக்கென்று செய்தது. அதன் எஞ்சின் கெட்டி பிளாஸ்டிக் உடம்புக்குள் பொருத்தப்பட்டது. பின்னது நாள் முழுக்க அறுத்துச் சம்பாதிக்கிறவருக்கென்று செய்தது. கிராங்க் சுழலும் கூடே மெக்னீசிய உலோகத்தில் வார்த்தது. சூடு ஏறினாலும் அந்தக் கூடு நெளியாது, பேரிங் இடம் மாறாது. காற்று ஃபில்டர் பெரிது, கழுவிப் போட எளிது. எஞ்சினைத் திறந்து மூடி, சிலிண்டர் மாற்றி, மறுபடி பல ஆண்டு ஓட்டுவதற்குத் தோதான கட்டமைப்பு. கூடுதல் விலை அதற்குத்தான். ஆண்டுக்குப் பத்து நாள் மட்டை கழித்து, விழுந்த முருங்கையை அறுக்கிறவருக்கு இந்த வசதி தேவைப்படவே படாது. அவர் எம்எஸ் 250 வாங்கினால் அவர் மகனும் அதையே ஓட்டுவான்.

இனி எல்லோரும் எதிர்பார்க்கும் கேள்வி: ஸ்டில்லா, ஹஸ்க்வர்னாவா? ஆந்திரேயாஸ் ஸ்டில் 1926-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய நிறுவனம் ஒன்று. ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா 1689-இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகப் பிறந்து, 1959-இல் செயின் சாவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தியே வளர்ந்தவை. ஒன்று எடையைக் குறைத்தால் மற்றது அடுத்த மாடலில் குறைத்துவிடும். ஹஸ்க்வர்னாவின் 572 எக்ஸ்பி 70.6 சிசி, 4.3 கிலோவாட், 6.6 கிலோ. மேலே சொன்ன 462-உடன் வைத்துப் பார்த்தால் சக்தியில் வித்தியாசம் கையில் தெரியாது. எடையில் ஸ்டில் முந்துகிறது. ஹஸ்க்வர்னாவில் ஃபில்டருக்கு வருமுன்பே காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரித்துவிடும் ஏற்பாடு உண்டு. மணல் பறக்கிற கடலோரத் தோப்பில் அதன் அருமை தெரியும். கைப்பிடி பிடிக்கும் வாகு, செயின் இறுக்கும் திருகு இருக்கும் இடம் என்று சின்னச் சின்ன விஷயங்களில் ஆளுக்கு ஆள் விருப்பம் மாறும்.

தரத்தில் இரண்டுக்கும் இடையே தேர்வு செய்ய எனக்குக் காரணம் தெரியவில்லை. அதனால் நான் பார்ப்பது தூரத்தைத்தான். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் எந்தக் கம்பெனிக்கு அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் இருக்கிறதோ, அந்தக் கம்பெனி மெஷினை வாங்குங்கள். அங்கே போய் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி இருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்: கிளட்ச்சை ஒட்டிய ஸ்ப்ராக்கெட், ஆயில் பம்ப், கார்புரேட்டர் டயஃப்ரம் கிட். “சொன்னா வரவழைச்சுத் தருவோம்” என்று பதில் வந்தால், மழைக்காலத்தில் அந்த வரவழைப்பு எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். புதிய மாடல்களில் கார்புரேட்டரை மின்னணு முறையில் தானே சரிசெய்துகொள்ளும் வசதி வந்துவிட்டது. ஸ்டில் அதை எம்-ட்ரானிக் என்கிறது, ஹஸ்க்வர்னா ஆட்டோடியூன் என்கிறது. வால்பாறை, கொடைக்கானல் போன்ற உயரமான இடங்களுக்கும் சமவெளிக்கும் மாறி மாறிப் போகிறவருக்கு இது வரப்பிரசாதம். கோளாறு வந்தால் மட்டும் ஸ்க்ரூடிரைவரோடு நிற்கும் ஊர் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனிக் கருவியை மாட்டித்தான் பார்க்க வேண்டும். எம்எஸ் 382 மாதிரி கையால் திருகுகிற மெஷினை அறுப்புக்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் காரணம். அவர்களைப் பழமைவாதிகள் என்று நான் சொல்லமாட்டேன்.

சீன மெஷினைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். எட்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு செயின் சா கிடைப்பதால்தான் ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற பல குடும்பங்களுக்குக் கைவலி குறைந்திருக்கிறது. உதிரிபாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் அந்த மெஷின் பழக்கம். ஒன்றின் கார்புரேட்டர் இன்னொன்றுக்குப் பொருந்தும். இவை சாதாரண நன்மைகள் இல்லை. அதன் பலவீனமும் தெரிந்ததுதான். ஆயில் பம்பைச் சுழற்றும் பல்சக்கரம் தேய்ந்து, செயின் ஓடும் தகடான பாருக்கு எண்ணெய் வராமல் நின்றுவிடும். கிராங்க் சீல் சீக்கிரம் கசியும். கசிந்தால் வெளிக்காற்று புகுந்து எஞ்சின் சூடேறும். பிறகு நான் பட்டறையில் பார்த்த பிஸ்டன்தான் மிச்சம். செயின் பிரேக் சரியாகப் பிடிக்காத மெஷின்களும் விற்பனைக்கு வருகின்றன. வாங்குமுன் கடையிலேயே ஓடவிட்டு, முன்கைக் காப்பை மணிக்கட்டால் தள்ளிப் பாருங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய கம்பெனியின் நிறத்தையும் மாடல் எண்ணையும் அப்படியே காப்பியடித்து, பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி விற்கிறார்கள். சீன மெஷினைச் சீன மெஷின் விலைக்கு வாங்குவதில் தவறில்லை. அதையே அசல் விலைக்குப் பக்கத்தில் வாங்கி ஏமாறுவதுதான் கொடுமை. ஜிஎஸ்டி ரசீதில் மெஷினின் வரிசை எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

விலைக் கணக்குக்கு வருகிறேன். ஓர் உதாரணம் போடுவோம். தொழில்முறை மெஷின் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 200 நாள் வேலை, ஐந்தாண்டு ஓடுகிறது. 1,000 நாளுக்கு 60,000. நாளுக்கு 60 ரூபாய். மலிவு மெஷின் 7,000 ரூபாய். அதே வேலையில் ஓராண்டு ஓடுகிறது. நாளுக்கு 35 ரூபாய். இப்படிப் பார்த்தால் மலிவு மெஷின்தான் ஜெயிக்கிறது. பலர் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அறுக்கப் போகிறவர் தனியாகப் போவதில்லை. மெஷின் பிடிக்கிறவர் ஒருவர், கட்டையைப் புரட்டிக் கொடுக்க ஒருவர், அடுக்க ஒருவர். மெஷின் நின்றால் மூன்று பேருக்கும் அன்றைய கூலி இல்லை, கொண்டுவந்த வண்டிக்கும் வாடகை இல்லை. ஒரு நாள் நின்றால் 3,000 ரூபாய் நட்டம் என்று வைத்தாலே, ஆண்டில் பத்து நாள் மெஷின் பட்டறையில் கிடந்தால் 30,000 போய்விடும். தொழில்முறை மெஷினின் பாதி விலை அது. கூலிக்கு அறுக்கிறவருக்கு நான் விலை உயர்ந்ததைச் சொல்வது இதனால்தான்.

அதே கணக்கை ஐந்து ஏக்கர் விவசாயிக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஐந்து நாள் வேலை, ஐந்தாண்டில் 25 நாள். 60,000 ரூபாயை அதில் வகுத்தால் நாளுக்கு 2,400 ரூபாய். அந்தக் காசுக்கு மெஷினோடு ஆளையே வரவழைத்துக்கொள்ளலாம். அவர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் 35 முதல் 45 சிசிக்குள் நல்ல கம்பெனியின் பண்ணை ரகம் போதும். அதைவிடச் சிறந்தது, உழவர் உற்பத்தியாளர் குழுவோ தெருவில் நாலைந்து பேரோ சேர்ந்து ஒரு நல்ல மெஷின் வாங்கி, ஓட்டத் தெரிந்த ஒருவர் பொறுப்பில் வைப்பது. பலர் கைக்குப் போகிற மெஷின் சீக்கிரம் கெடும். பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும்.

எந்த மெஷின் வாங்கினாலும் மரத்தை அறுப்பது செயின்தான். இன்று உலகம் முழுக்க ஓடுகிற செயினின் வடிவத்துக்கு ஒரு புழு காரணம் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946-இல், ஒரு கட்டைக்குள் வண்டுப்புழு எப்படிக் குடைந்து போகிறது என்று உற்றுப் பார்த்தார். இடமும் வலமுமாகத் தாடையை வைத்து, நார் நாராகச் சீவாமல் துண்டு துண்டாகப் பெயர்த்துக்கொண்டு போனது அது. அந்தத் தாடையைப் பார்த்து இடது பல்லும் வலது பல்லும் மாறி மாறி வரும் செயினைச் செய்து, 1947-இல் விற்கத் தொடங்கினார். ஆரிகன் என்ற பெயரில் நம் கடைகளில் தொங்கும் செயின் அந்த வழிவந்ததுதான். நம் தென்னைக்கு எமனாக இருப்பதும் ஒரு வண்டு. அந்தத் தென்னையை அறுத்து அகற்றக் கற்றுக்கொடுத்ததும் ஒரு வண்டுப்புழு. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்த ஆச்சரியம் தீரவில்லை.

அரம் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். “மெஷினுக்கு இழுவை இல்லை” என்று பட்டறைக்கு வருகிறவற்றில் பலவற்றுக்குத் தேவைப்படுவது ஓர் அரம் மட்டுமே. அறுக்கும்போது விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர்மையாக இருக்கிறது. மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை அழுத்தி அறுத்தால் பார் சூடேறும், கிளட்ச் தேயும், பெட்ரோல் கூடுதலாக எரியும். சிறிய மெஷின்களின் செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம், .325 செயினுக்கு 4.8, ஸ்டில்லின் 3/8 செயினுக்கு 5.2. ஒவ்வொரு பல்லிலும் 30 டிகிரி சாய்வில் உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ள வேண்டும். பின்னால் இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ள வேண்டும். ஒரு பக்கத்துப் பற்கள் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் ஆகிவிட்டால் வெட்டு வளைந்து போகும். தென்னை, பனை போன்றவற்றில் மணலும் நாரும் சேர்ந்திருப்பதால் மூலை கூரான செயினைவிட மூலை சற்று உருண்ட செயின் அதிக நேரம் கூர் தாங்கும். பனை என்றதும் நினைவுக்கு வருகிறது: பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. கையில் மெஷின் இருக்கிறது என்பதற்காக வரப்புப் பனையில் கை வைத்துவிடாதீர்கள்.

பெட்ரோல். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். இந்த எஞ்சின்களுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த 2டி ஆயில்தான் உயிர். கம்பெனி ஆயில் என்றால் பெரும்பாலும் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. மலிவு மெஷின்களுக்கும் சாதாரண ஆயிலுக்கும் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள். “ஒரு மூடி ஊத்து” என்கிற அளவு வேண்டாம்.

இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க்கிலேயே நாட்கணக்கில் கிடந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் பிரிந்து தங்கிவிடும். ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும். உறிஞ்சும் குழாய் இருப்பதோ அடியில். பிறகு கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தால் ஆயிலே இல்லாத திரவம் எஞ்சினுக்குப் போகும். ரப்பர் குழாயும் டயஃப்ரமும் சீக்கிரம் கெடும். கையால் திருகும் கார்புரேட்டர் உள்ள மெஷின்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்கிறது ஸ்டில் கையேடு. எம்-ட்ரானிக் உள்ளவை 27 சதவீதம் வரை தாங்கும் என்கிறது. மேலே கையால் திருகும் மெஷினைப் புகழ்ந்தேன். அதன் எதிர்ப்பக்கம் இது. எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைக்கிற ஊரில் இருந்தால் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். கிடைக்காதவர்கள் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் கலக்குங்கள். வேலை முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை பெட்ரோல் குழாயை மாற்றுங்கள். பாருக்கு ஊற்றும் எண்ணெயில் சிக்கனம் பார்த்து, டிராக்டரில் வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுகிறவர்கள் நிறைய. அதில் உலோகத் துகள் இருக்கும், பாரைத் தின்றுவிடும். அந்த ஆயில் உங்கள் தோலிலும் மூச்சிலும் படுவது இன்னும் கெடுதல்.

பேட்டரி மெஷின்களைப் பலர் கேட்கிறார்கள். மட்டை கழிக்க, மாமரம் கவாத்து செய்ய அருமையானவை. புகை இல்லை, சத்தம் குறைவு. புயலுக்குப் பின் ஊரில் மின்சாரம் இல்லாத நாட்களில் அவற்றை நம்பி நிற்க முடியாது. அவ்வளவுதான் இப்போதைக்கு என் கருத்து.

மெஷின் விலையில் நம்மில் யாரும் சேர்க்காத ஒன்று பாதுகாப்பு. முகத்திரையோடு கூடிய ஹெல்மெட், காதடைப்பு, கெட்டியான ஷூ, செயின் பட்டாலும் காலை அறுக்காமல் தடுக்கும் கால்சட்டை. அந்தக் கால்சட்டையின் உள்ளே நீண்ட நார்கள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் மேல்துணியைக் கிழித்த உடன் அந்த நார்கள் இழுபட்டு ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொண்டு மெஷினை நிறுத்திவிடும். லுங்கியோடும் வெறுங்காலோடும் அறுக்கிற நம் ஆட்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. பார் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் திரும்பும். அதற்காகத்தான் 1973-இல் ஹஸ்க்வர்னா தானாகப் பிடிக்கும் செயின் பிரேக்கைக் கொண்டுவந்தது. பிரேக்கை இயக்கும் முன்கைக் காப்பு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி எறிகிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அதிர்வும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் அதிரும் கைப்பிடியைப் பிடித்தவர்களுக்கு விரல் வெளுத்து மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போடவே சிரமப்படுவார்கள். ஐரோப்பிய நாடுகளில் ஒரு தொழிலாளியின் கையில் எட்டு மணி நேரச் சராசரியாக ஏறும் அதிர்வு வினாடி வர்க்கத்துக்கு 5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. தொழில்முறை மெஷினில் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் ஸ்பிரிங்குகளுக்குக் கொடுக்கும் காசு, உங்கள் விரல்களுக்குக் கொடுக்கும் காசு.

புயலில் சாய்ந்த மரம் நின்ற மரத்தைவிட ஆபத்தானது. வேர்மண்ணோடு பிடுங்கிக்கொண்டு விழுந்த மரத்தை அடியில் அறுத்தவுடன், பாரம் விடுபட்ட வேர்க்கட்டை மறுபடி எழுந்து குழிக்குள் உட்காரும். அந்தப் பக்கம் குழந்தைகளோ ஆடுமாடோ நிற்கக் கூடாது. வளைந்து முட்டுக்கொடுத்துக் கிடக்கும் மரத்தில், அமுங்கியிருக்கும் பக்கம் முதலில் சிறிது அறுத்து, விறைத்திருக்கும் பக்கம் பிறகு அறுக்க வேண்டும். மாற்றி அறுத்தால் பார் சிக்கும், அல்லது மரம் பிளந்து அடிக்கும். மின்கம்பி மேல் கிடக்கும் மரத்தை, மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டித்துவிட்டதாகச் சொல்லும்வரை யாரும் தொட வேண்டாம்.

ஆக, என் முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன். அறுப்பே தொழிலாக உள்ளவர்கள், 50 முதல் 72 சிசி வரையில் தொழில்முறை ரகத்தை, பக்கத்தில் சர்வீஸ் உள்ள கம்பெனியில் வாங்குங்கள். கடன் வாங்கினாலும் அதைத் திருப்பிக் கட்ட மெஷினே சம்பாதித்துக் கொடுக்கும். தோப்புக்காரர்கள் பண்ணை ரகம் வாங்குங்கள், அல்லது கூட்டாக வாங்குங்கள். மலிவு மெஷின்தான் முடியும் என்கிறவர்கள், பிரேக்கையும் ஆயில் பம்பையும் சோதித்து வாங்கி, மிச்சமான காசில் முதலில் ஹெல்மெட்டும் ஷூவும் வாங்குங்கள்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி பிறக்கும் முன் உங்கள் ஊரில் ஓடுகிற நிலையில் எத்தனை மெஷின் இருக்கிறது, ஓட்டத் தெரிந்தவர் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி வையுங்கள். சாலையில் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் நிற்கும்போது அந்தத் தாள் உதவும்.

வாசகர்களே, உங்கள் பகுதியில் எந்தக் கம்பெனி மெஷினுக்கு எந்த ஊரில் உதிரிபாகம் கிடைக்கிறது, அசல் விலைக்குக் கிடைக்கிறதா, பழுது பார்க்க எத்தனை நாள் ஆகிறது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். கடைக்காரர்கள் சொல்வது வேண்டாம். மெஷின் வைத்திருக்கிறவர்கள் சொல்வதுதான் வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேரும் தகவல்களைச் சரிபார்த்து, மாவட்டவாரியாக அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்